உடன்படிக்கை வீசாவும் நாட்டுரிமையும்

யாழ்ப்பாணத்தார் கடல் கடந்து பொருளீட்டச் சென்றமை இன்று நேற்றுத் தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு நம் முன்னோர் பலர் மலாயா சென்று, அரசாங்கக் கந்தோர்களிலும் புகையிரதப் பகுதியிலும் சேவை புரிந்தனர். அவர்கள் பிரித்தானிய முடியின் குடிகளாகவே சென்றனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தோடு இலங்கையர் என்பது தனியொரு நாட்டுரிமையாயிற்று. இன்று நம்மவர் பல நாடுகளிற் பரந்து வாழ்கின்றனர். மொழியாலும் சமயத்தாலும் ஊராலும் ஒன்றாயிருக்கும் ஒரு குடும்பத்தைக் கடவுச்சீட்டு நான்காகப் பிரித்துவிடுகிறது. இப்பிரிவின் பயன் யாதென்பதை ஐக்கிய அமெரிக்காவின் உடன்படிக்கை முதலீட்டாளர் வீசா தெளிவாகக் காட்டும்.

‘ஈ-2’ எனப்படும் இவ்வீசா, அமெரிக்காவோடு தக்க உடன்படிக்கை செய்துகொண்ட நாட்டின் பிரசைகளுக்கே உரியது. அவர்கள் தம் சொந்த மூலதனத்தைக் கணிசமான அளவில் ஒரு தொழிலில் இட்டு, அதனை வளர்த்து நடத்துதற்கு அங்கே செல்லலாம். இத்தனை டொலர் என்று சட்டம் வரையறுக்கவில்லை. தொழிலின் தன்மைக்கேற்பவே தொகை மதிப்பிடப்படும். இது நிரந்தர வதிவுரிமையன்று. ஒரு முறைக்கு இரண்டு ஆண்டு வரை தங்க இடமுண்டு. தொழில் நடக்குங்காறும் அக்காலத்தை நீடித்துக்கொள்ளலாம்.

இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான முதலீட்டு உடன்படிக்கை 1991ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆந் தேதி கொழும்பிற் கைச்சாத்தாகி, 1993ஆம் ஆண்டு மே முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது. கனடா, பிரான்சு, ஜேர்மனி, நோர்வே, சுவிற்சலாந்து, அவுஸ்திரேலியா ஆகியனவும் உடன்படிக்கை நாடுகளே. இந்தியா அவ்வரிசையில் இல்லை. ஆதலால் யாழ்ப்பாணத்து வணிகருக்குத் திறந்துள்ள வாயில் சென்னை வணிகருக்குத் திறக்கவில்லை. பிரித்தானியாவின் உரிமை 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையிலிருந்து வருவது. அதன்படி பிரித்தானியப் பிரசையாயிருத்தல் மட்டும் போதாது, அந்நாட்டிலே வதிபவராயும் இருத்தல் வேண்டும்.

ஒருவர் எந்நாட்டுப் பிரசை என்பதை எவ்வாறு துணிவது? அந்தந்த நாட்டின் சட்டமே அதற்கு அளவுகோல். பிறந்த ஊரோ, பேசும் மொழியோ, நெடுங்காலம் வாழ்ந்த இடமோ அன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்தவர் கனேடியப் பிரசாவுரிமையைத் தாமே விரும்பிப் பெற்றால், இலங்கைச் சட்டப்படி பொதுவாக இலங்கைப் பிரசாவுரிமையை இழக்கிறார். 1987ஆம் ஆண்டின் திருத்தம் இரட்டைப் பிரசாவுரிமைக்கு வழி செய்தது. ஆயினும் அது விண்ணப்பித்துப் பெறவேண்டியதே அன்றித் தானாகக் கிட்டுவதன்று. மறுபுறம், சுவிற்சலாந்தில் இருபது ஆண்டு வாழ்ந்தும் அந்நாட்டுப் பிரசையாகாதவர் சுவிற்சலாந்தின் பெயரால் இவ்வீசாவைக் கோர முடியாது. 1983ஆம் ஆண்டின் பின் தமிழகஞ் சென்ற அகதிகளுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளின் நிலை இன்னும் கவனத்திற்குரியது. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளை வழிவழிப் பிரசையாவதற்குப் பிறப்பை ஓராண்டினுள், அல்லது தக்க காரணங் காட்டி அமைச்சர் அநுமதிக்கும் மேலதிக காலத்தினுள், பதிவு செய்தல் வேண்டும். பதியப்படாத பிள்ளைக்கு இவ்வீசா மாத்திரமன்று, வேறு பல வாயில்களும் அடைபட்டே இருக்கும்.

இனிக் கம்பனியின் நாட்டுரிமையை நோக்குவோம். கம்பனி எங்கே பதியப்பட்டது என்பது பொருட்டன்று. அமெரிக்காவிலே பதிந்ததாயும் இருக்கலாம். அதன் பங்குகளில் ஆகக் குறைந்தது 50 வீதம் ஒரே உடன்படிக்கை நாட்டின் பிரசைகளிடம் இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் நிரந்தர வதிவுரிமை பெற்றவரின் பங்கு இக்கணக்கிற் சேராது.

நான்கு சகோதரர் ஆளுக்கு 25 வீதமாக முதலிட்டு, அமெரிக்காவில் ஒரு கடை திறக்க எண்ணுகின்றனர் என்று கொள்வோம். மூத்தவர் யாழ்ப்பாணத்திலுள்ள இலங்கைப் பிரசை. இரண்டாமவர் ரொறன்ரோவிலுள்ள கனேடியப் பிரசை. மூன்றாமவர் சென்னையில் இந்தியப் பிரசையாகிவிட்டவர். இளையவர் இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர். ஆயினும் அமெரிக்காவில் நிரந்தர வதிவுரிமை பெற்றவர். இளையவரின் பங்கு சேராமையால் இலங்கைக்கு 25 வீதமே உண்டு. கனடாவுக்கும் 25 வீதமே. இரு நாட்டுப் பங்குகளைக் கூட்டி ஐம்பதென்று காட்டவும் இயலாது. நால்வரும் நேர்மையாகப் பணமிட்டும் விண்ணப்பம் தேறாது. மூன்றாமவரின் பங்கை மூத்தவர் வாங்கிக்கொண்டால், இலங்கையின் பங்கு 50 வீதமாகிக் கம்பனி இலங்கை நாட்டுரிமை பெறும். அதன்பின் தொழிலை நடத்தும் அதிகாரம் தம்மிடமே உள்ளதென்பதை அவர் காட்டவேண்டும். அக்கம்பனியின் பெயரால் இவ்வீசாவிற் செல்லும் முகாமையாளரும் இலங்கைப் பிரசையாகவே இருத்தல் வேண்டும்; கனேடியத் தம்பி பங்காளராய் இருக்கலாம், அதன் வழியாகச் செல்லல் ஆகாது.

மனைவிக்கும், மணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இவ்விதி இல்லை. அவர்கள் எந்நாட்டவராயினும் உடன் செல்லலாம். தமிழகத்திலே மணஞ்செய்தோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

உடன்படிக்கை இல்லாத நாட்டவர் சிலர் வேறொரு வழி கண்டனர். முதலீட்டுக்கு ஈடாகப் பிரசாவுரிமை வழங்கும் கிரெனடா 1989ஆம் ஆண்டு முதல் உடன்படிக்கை நாடு. அப்பிரசாவுரிமையைப் பெற்று அதன்மூலம் இவ்வீசாவைக் கோருதல் வழக்கமாயிற்று. 2022 டிசெம்பரிற் செய்யப்பட்ட அமெரிக்கச் சட்டம் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. இவ்வாறு பிரசாவுரிமை பெற்றவர், விண்ணப்பிக்குமுன் அந்நாட்டில் மூன்று ஆண்டுகளேனும் தொடர்ந்து வதிந்திருத்தல் வேண்டும்.

விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவன; செயலில் இறங்குமுன் தூதரகத்தின் அறிவித்தலையும் சட்டமறிந்தார் ஆலோசனையையும் நாடுதல் கடன். பிரசாவுரிமையைக் கைவிடுமுன்னும் புதிதாய்ப் பெறுமுன்னும் அதனோடு எவை போகும், எவை வரும் என்று எண்ணிப் பார்த்தல் இளைஞர்க்கு வேண்டும். பிள்ளைகளின் பிறப்புப் பதிவைப் பெற்றோர் பிற்போடலாகாது. கூட்டாகத் தொழில் தொடங்க விரும்பும் சகோதரர், பணத்தை ஒன்று சேர்க்குமுன் தம் கடவுச்சீட்டுக்களை ஒரு மேசையில் வைத்துப் பார்ப்பாராக.