நுண்காலக் கணிப்பும் சாதனச் செலுத்திகளும்

கணனியுடன் இணைக்கப்படும் ஒவ்வொரு சாதனமும் தனக்குரிய கால ஒழுங்கிலேயே இயங்குகின்றது. அதனைக் கட்டுப்படுத்தும் சாதனச் செலுத்தி என்னும் செய்நிரல், சிலவேளை மில்லிசெக்கன்களையும் சிலவேளை மைக்குரோசெக்கன்களையும் பிரித்தறிய வேண்டியிருக்கும். அந்நுண்ணளவை எங்கிருந்து, எவ்வாறு பெறுவது என்பதே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் வினா. இலக்கிய ஆய்வாளனுக்கு இதில் என்ன அக்கறை எனக் கேட்கப்படலாம். கருவிகளின் வரலாறும் மனித உழைப்பின் வரலாறேயாகும் என்பதே எமது விடை.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனியை நோக்குவோம். அதன் காலங்காட்டிச் சில்லான இன்ரெல் 8253, செக்கனுக்கு ஏறத்தாழ 1,193,182 தடவை எண்ணும். விசித்திரமான இவ்வெண் எந்த இயற்கை விதியிலிருந்தும் பிறந்ததன்று. அமெரிக்க வர்ணத் தொலைக்காட்சியின் நிறச் சைகை மீடிறனைப் போல் நான்கு மடங்கில் அதிரும் பளிங்கொன்று அக்கணனியில் பொருத்தப்பட்டிருந்தது. அதன் மீடிறனைப் பன்னிரண்டால் வகுக்க வருவதே இவ்வெண். தொலைக்காட்சிக் கைத்தொழிலின் பெருந்தொகை உற்பத்தியால் மலிந்திருந்த ஒரு பண்டம், கணனியின் கால அலகையே நிர்ணயித்துவிட்டது எனலாம்.

எண்ணி 16 பிற் கொண்டது. 65,536 எண்ணுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 55 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அது செயலிக்கு இடையீட்டுச் சைகை அனுப்பும். பணிசெயல் முறைமை அத்துடிப்புக்களையே கூட்டிவைக்கும். நுண்ணிய நேரம் வேண்டுவோர், துடிப்புக்களின் தொகையுடன் எண்ணியில் அவ்வேளை கழிந்துள்ள எண்ணிக்கையையும் சேர்த்தல் வேண்டும். அப்போது கிட்டும் அலகு 0.84 மைக்குரோசெக்கன். (தொடக்கத்தில் எண்ணி இரண்டிரண்டாகக் குறையும் சதுர அலை முறையிலேயே அமைந்திருக்கும், அதனை ஒவ்வொன்றாகக் குறையும் முறைக்கு மாற்றாது வாசிப்பவர் வீணே குழம்புவர்.)

கருத்து எளிது, இடர் இவ்விரண்டையும் இணைப்பதிலுள்ளது. எண்ணி பூச்சியத்தை அடைந்து மீளத் தொடங்கிவிட்டது, ஆயின் இடையீடு இன்னும் ஏற்கப்படவில்லை எனக் கொள்வோம். அக்கணத்தில் வாசித்தால் பழைய துடிப்புத் தொகையும் புதிய எண்ணும் கிட்டும். நேரம் 55 மில்லிசெக்கன் பின்னோக்கிச் சென்றுவிடும்! செலுத்திகள் பலவேளை இடையீடுகளைத் தடுத்துவைத்தே இயங்குவதால் இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகவே இடையீட்டுக் கட்டுப்படுத்தியில் நிலுவைக் கோரிக்கை உளதா எனப் பார்த்தல் வேண்டும். கோரிக்கை இருந்து, வாசித்த எண்ணும் எண்ணி சற்றுமுன் மீளத் தொடங்கியதைக் காட்டுமாயின் ஒரு துடிப்பைக் கூட்டலாம். கோரிக்கையை மட்டும் நம்புதல் கூடாது. எண்ணை வாசித்த பின்னரும் அது எழுந்திருக்கக்கூடும்.

அலகு மாற்றத்திலும் அபாயம் உண்டு. 1991 பெப்ரவரி 25இல் சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்றியற் ஏவுகணைத் தொகுதியொன்று எதிர்வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் மாண்டனர். அதன் கடிகாரம் பத்திலொரு செக்கனாக எண்ணியது. பத்திலொன்றை இரும எண்ணில் முற்றாக எழுத முடியாது. 24 பிற் அளவில் வெட்டியபோது ஒவ்வோர் எண்ணிலும் நேர்ந்த பிழை செக்கனின் கோடியிலொரு பங்கிலும் குறைவே. ஆயினும் 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியமையால் அது 0.34 செக்கனாகத் திரண்டது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் கடந்துவிடும். திருத்திய செய்நிரல் மறுநாளே அங்கு சென்றடைந்தது. எண்ணிக்கையை முழுவெண்ணாகவே பேணி, வெளியிடும் வேளையில் மாத்திரம் செக்கனாக மாற்றுமாறு வற்புறுத்தப்படுவது இக்காரணம் பற்றியேயாம்.

தாமதம் குறித்தும் சிறிது கூறவேண்டும். லினக்ஸில் துடிப்பு செக்கனுக்கு 100 ஆக அமைந்திருப்பின், ஒரு மில்லிசெக்கன் உறக்கம் கோரிய செலுத்தி 20 மில்லிசெக்கன்வரை காத்திருக்க நேரும். 2007இல் வந்த 2.6.21 பதிப்பு, துடிப்பைச் சாராத நுண்காலமானிகளைச் செயற்படுத்தியது. பத்து மைக்குரோசெக்கனுக்குக் குறைந்த தாமதங்களுக்கோ செயலியை வெறுமனே சுழலவிடுவதே இன்றும் வழக்கம். இவையாவும் குறைந்தது இவ்வளவு நேரம் என்ற உறுதியையே தரும். மேலெல்லையும் வேண்டும் சாதனத்துக்கு, கழிந்த நேரத்தை எண்ணியை வாசித்தே அறிதல் வேண்டும்.