திருவாதிரையின் ஒளியை நீங்களும் அளக்கலாம்

மார்கழித் திருவாதிரைக்குக் களி செய்து சாப்பிடுகிறோம். ஆனால் அந்த நட்சத்திரத்தை வானத்தில் காட்டச் சொன்னால் பலர் விழிப்பார்கள். 2019 இறுதியில் இந்தத் திருவாதிரை உலகச் செய்தியானது. வழக்கமாக நன்றாக ஒளிரும் இது மெல்ல மங்கி, 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளிக்கு இறங்கியது. வெடிக்கப் போகிறது என்று கூடப் பேசினார்கள். நட்சத்திரம் வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் முகத்தை மறைத்தது என்று பிறகு விளக்கினார்கள்.

இந்த மாற்றத்தைக் காண டெலஸ்கோப் தேவையில்லை. கண்ணும் கம்ப்யூட்டரும் போதும்.

முதலில் ஸ்டெல்லேரியம் என்ற புரோகிராமை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். முற்றிலும் இலவசம். திறந்தவுடன் எஃப் 6 கீயை அழுத்தி உங்கள் ஊரைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வேறு ஏதோ ஊரின் வானம்தான் தெரியும். அடுத்து எஃப் 3 அழுத்தி, திருவாதிரையின் ஆங்கிலப் பெயரான பீட்டல்ஜூஸ் என்பதை டைப் செய்திடுங்கள். நான்கைந்து எழுத்துகளிலேயே பெயர் கீழே வந்துவிடும். என்டர் தட்டினால் அது இருக்கும் திசைக்குத் திரை திரும்பும். டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில் பார்க்கலாம். லேப்டாப்பை மொட்டை மாடிக்கு எடுத்துச் செல்பவர்கள் கண்ட்ரோல் கீயுடன் என் அழுத்தினால் திரை சிவப்பாகிவிடும், கண் கூசாது.

நட்சத்திரத்தில் கிளிக் செய்தால் மேக்னிட்யூட் என்று ஓர் எண் தெரியும். ஒளியின் அளவு இது. எண் கூடினால் ஒளி குறைவு என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று, திரையில் வரும் எண் பட்டியலில் உள்ளது. இன்றிரவு அளந்தது அல்ல! திருவாதிரை இன்று எப்படி இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யாராவது அண்ணாந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 1867ல் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுகிறது என்று கண்டறிந்ததும் இப்படிப் பார்த்துத்தான்.

அளக்கும் முறை எளிது. ஒளி அதிகம் மாறாத இரண்டு நட்சத்திரங்களுடன் ஒப்பிட வேண்டும். புரோசியான் 0.4, ரோகிணி 0.9. இடையே உள்ள வித்தியாசத்தை மனதில் ஐந்து பங்காக்குங்கள். திருவாதிரை புரோசியானை விட இரண்டு பங்கு மங்கல் என்று தோன்றினால் 0.6 என்று எழுதுங்கள். ரோகிணியை விடவும் மங்கலாக இருந்தால், 1.6 உள்ள பெல்லாட்ரிக்ஸையும் சேர்த்துக் கொள்ளுங்கள். மூன்றும் வானில் நல்ல உயரத்தில் இருக்கும்போது பாருங்கள். அடிவானத்தருகே எல்லாமே மங்கும். சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக் கொண்டே இருந்தால் அது பிரகாசம் கூடியது போல ஏமாற்றும். சட்டென்று பார்த்து முடிவு செய்வது நல்லது.

தேதியையும் அளவையும் எக்ஸெல்லில் இரண்டு காலமாகப் பதிந்து சார்ட் போடுங்கள். படம் தலைகீழாக வரும். செங்குத்து அச்சில் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் ஆக்ஸிஸ் சென்று, வேல்யூஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர் என்ற இடத்தில் டிக் செய்தால் சரியாகிவிடும். வாரம் ஒரு முறை அளந்தால் போதும், இது நிதானமாக மாறும் நட்சத்திரம்.

வால்மீன்களையும் ஸ்டெல்லேரியத்தில் சேர்க்கலாம். எஃப் 2 அழுத்தி, பிளக்-இன்ஸ் பகுதியில் சோலார் சிஸ்டம் எடிட்டரைத் திறந்து, புதிய பாதை விவரங்களை இம்போர்ட் செய்திட வேண்டும். இடம் சரியாக இருக்கும். ஒளியை மட்டும் நம்ப வேண்டாம். 2013ல் பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட ஐசான், நவம்பர் 28 அன்று சூரியனை நெருங்கியபோது சிதைந்து போனது.

உங்கள் அளவுகளை, 1911ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ.வி.எஸ்.ஓ. அமைப்பின் தளத்தில் பதிவு செய்து அனுப்பலாம். உலகெங்கும் உள்ள பார்வையாளர்களின் அளவுகளுடன் உங்களுடையதும் சேரும். நேரத்தை உலக நேரத்தில் தர வேண்டும். நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழியுங்கள். இரவு 9 மணிக்குப் பார்த்தது அங்கே 15.30.