மூன்று கொதிகலன்களுக்கு ஒரே குழாய் போதுமா?

மருத்துவமனை, தங்கும் விடுதி, சலவையகம், சாயப்பட்டறை, உணவு பதப்படுத்தும் ஆலை ஆகிய அனைத்தும் நீராவியை நம்பியே இயங்குகின்றன. ஒரு கொதிகலன் பழுதானால் வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே தொழில்முனைவோர் பலர் இரண்டு அல்லது மூன்று கொதிகலன்களை நிறுவுகின்றனர். ஆனால் கடன் விண்ணப்பங்களுடன் வரும் விலைப்புள்ளிகளில் கொதிகலனைப் பற்றிய விவரம் பல பக்கங்களில் இருக்க, அதற்கு எரிபொருள் கொண்டுசெல்லும் குழாய் அமைப்பு ‘இதர செலவுகள்’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. தொழிலின் பாதுகாப்பும் தவணையின் ஒழுங்கும் அந்த ஒரு வரியைச் சார்ந்துள்ளன.

தில்லியின் எரிபொருள் மாற்றங்கள்

மூன்றரை சதவீதத்திற்கும் மேல் கந்தகம் கொண்டிருக்கக்கூடிய உலை எண்ணெய், ஒரு காலத்தில் கொதிகலன்களின் மலிவான எரிபொருளாக இருந்தது. அதனையும் பெட்கோக்கையும் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் மாநிலத் தொழிற்சாலைகள் பயன்படுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 1 முதல் தடை விதித்தது. பின்னர் சில தொழில்களுக்கு மட்டும் தளர்வு அளிக்கப்பட்டது. 2018 ஜூனில் தில்லி அரசு அனுமதிக்கப்பட்ட எரிபொருள்களின் பட்டியலை அறிவித்தது. பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே கந்தகம் கொண்ட பாரத் நிலை-6 டீசலும் இயற்கை எரிவாயுவும் அப்பட்டியலில் இடம்பெற்றன. உலை எண்ணெய் இடம்பெறவில்லை. 2023 ஜனவரி 1 முதல் தேசியத் தலைநகர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் நிலக்கரிக்கும் தடை வந்தது.

இதன் விளைவாக, குழாய்வழி எரிவாயுவை முதன்மை எரிபொருளாகவும் டீசலை மாற்று ஏற்பாடாகவும் கொண்டு, இரு எரிபொருள் பர்னர் பொருத்துவது ஒரு வழியாயிற்று. எரிவாயுவுக்குத் தனிக் குழாய் தேவை. பழைய எண்ணெய்க் குழாயை அதற்குப் பயன்படுத்த இயலாது. டீசல் அமைப்பையும் புதிதாகத் திட்டமிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, குழாயின் அளவு. பர்னருடன் இணைந்த பம்பு, எரிவதைக் காட்டிலும் அதிக எண்ணெய்யை இழுத்து, மிகுதியைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். ஆகவே எரியும் அளவைக் கொண்டு அன்றி, எல்லாப் பம்புகளும் ஒரே நேரத்தில் இழுக்கும் அளவைக் கொண்டே குழாயின் விட்டத்தைக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, பாதை. மூன்று பர்னர்களும் ஒரே உறிஞ்சு குழாயிலிருந்து இழுத்தால், ஓர் இணைப்பில் காற்றுப் புகுந்தாலும் மூன்றும் அணைந்துவிடக்கூடும். மூன்று கொதிகலன் வாங்கியதன் பயனே அங்கு இல்லாமற்போகிறது. ஒன்று இயங்க மற்றொன்று தயார்நிலையில் இருக்கும் இரட்டைப் பம்புகளைக் கொண்டு, எண்ணெய் இடைவிடாது சுற்றிவரும் வளையக் குழாயை அமைத்து, ஒவ்வொரு கொதிகலனுக்கும் தனிக் கிளையும் தனி வால்வும் வைப்பதே ஏற்ற முறை. வடிகட்டியும் இரட்டையாக இருந்தால், ஒன்றைச் சுத்தம் செய்யும்போது வேலை தடைப்படாது.

மூன்றாவது, பாதுகாப்பு. பர்னரிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாயில் கைவால்வு வைப்பது ஆபத்தானது. யாரேனும் தவறுதலாக மூடிவிட்டால் அழுத்தம் ஏறிப் பம்பின் அடைப்பு கிழிந்து, எண்ணெய் கொதிகலன் அறையில் கொட்டும். தொட்டி பர்னரைவிட உயரத்தில் இருப்பின், குழாய் உடைந்தால் தொட்டி முழுவதும் வடிந்துவிடாதபடி தடுக்கும் வால்வு அவசியம். துத்தநாகப் பூச்சுள்ள குழாய்களைத் தவிர்த்து, பூச்சற்ற எஃகுக் குழாய்களையே பயன்படுத்த வேண்டும்.

சேமிப்பும் உரிமமும்

மணிக்கு ஒரு டன் நீராவி தரும் கொதிகலன், முழுத் திறனில் சுமார் 70 லிட்டர் டீசலை எரிக்கும். மூன்றும் இயங்கினால் மணிக்கு 210 லிட்டர். 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தின்படி, உரிமமின்றி ஓரிடத்தில் வைத்திருக்கத்தக்க டீசல் 2,500 லிட்டர். அதிலும் எந்தக் கலனும் 1,000 லிட்டருக்கு மேற்படலாகாது. இந்த இருப்பு மூன்று கொதிகலன்களுக்கும் 12 மணி நேரத்திற்குக்கூடப் போதாது. எரிவாயு ஒரு முழு நாள் தடைப்பட்டாலும் தொழில் நடக்க வேண்டுமெனில், பெரிய தொட்டிக்கும் அதற்கான உரிமத்திற்கும் முன்கூட்டியே திட்டமிடல் வேண்டும்.

கடன் கோருமுன்

கொதிகலன், குழாய் அமைப்பு, தொட்டி, உரிமச் செலவு ஆகியவற்றுக்குத் தனித்தனி விலைப்புள்ளி பெறுங்கள். குழாய்ப் பாதையின் வரைபடத்தையும் விண்ணப்பத்துடன் இணையுங்கள். பின்னாளில் நான்காவது கொதிகலன் சேர்க்கும் எண்ணம் இருப்பின், அதற்கான இணைப்பை இப்போதே விட்டுவைப்பது குறைந்த செலவில் முடியும். நிறுவிய பின் அழுத்தச் சோதனை நடத்தப்பட்டதற்கான சான்றைப் பெற்ற பிறகே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகையை விடுவியுங்கள்.

குழாய்ச் செலவு மதிப்பீட்டில் விடுபட்டால், அது நடைமுறை மூலதனத்திலிருந்தே ஈடுசெய்யப்படும். மூலப்பொருள் வாங்கும் பணம் அதில் முடங்கும். திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட்டால், தகுதிக்கேற்ப அதுவும் காலக்கடனின் ஒரு பகுதியாகும். இது குறித்த ஆலோசனைக்குத் தங்கள் கிளையின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பிரிவை அணுகலாம்.