உங்களுக்குத் தெரியுமா? குதிகால் வலி ஸ்பெஷல்!

உடம்பில் மொத்தம் 206 எலும்புகள். அதில் இரண்டு பாதங்களில் மட்டும் 52! கால்வாசி எலும்பு காலடியிலேயே குடியிருக்கிறது!

ஒரு பாதத்தில் உள்ள 26 எலும்புகளில் பெரியண்ணன் யார்? சாட்சாத் குதிகால் எலும்பேதான்!

அந்த எலும்புக்கு அடியில் இயற்கை ஒரு மெத்தையே போட்டிருக்கிறது. தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி அறைகள். அறைக்கு அறை கொழுப்பு. கனம் சுமார் 18 மில்லிமீட்டர்!

தினமும் 5,000 அடி நடப்பவரா நீங்கள்? உங்கள் ஒவ்வொரு குதிகாலும் தரையில் 2,500 முறை மோதுகிறது. வருஷக் கணக்குப் போட்டேன், தலை சுற்றியது: 9 லட்சத்து 12 ஆயிரத்து 500 முறை!

ஓடினால் இன்னும் அமர்க்களம்! ஒவ்வொரு அடியிலும் உங்கள் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை காலைத் தாக்கும். 60 கிலோ ஆசாமிக்கு 180 கிலோ வரை!

மாட்டின் பின்னங்காலில், பின்பக்கம் துருத்திக்கொண்டு ஒரு மூட்டு இருக்குமே, முழங்கால் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை. அதுதான் மாட்டின் குதிகால்!

யானை இன்னும் விசேஷம்! தோலுக்குள்ளே அதன் எலும்புகள் நுனிக்காலில் நிற்கின்றன. பின்னால் முட்டுக்கொடுப்பது ஒரு பெரிய கொழுப்பு மெத்தை. டன் கணக்கில் கனக்கும் யானை, ஹை ஹீல்ஸ் போட்டபடிதான் நடக்கிறது!

சரி, வலிக்கு வருவோம். காலையில் கட்டிலை விட்டு இறங்குகிறீர்கள். முதல் அடி... சுளீர்! சுவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி. அடுப்பில் பால் பொங்குவதற்குள் பாதி வலியைக் காணோம்! இந்த 'முதல் அடி வலி'யைச் சொன்னாலே போதும், பெரும்பாலும் ஸ்கேன் இல்லாமலே டாக்டர் ஆளைப் பிடித்துவிடுவார்!

ஆள் பெயர் பிளான்டார் ஃபேஷியைட்டிஸ். குதிகாலில் தொடங்கி கால்விரல்கள் வரை ஓடும் ஜவ்வில் வரும் கோளாறு. வாழ்நாளில் பத்துப் பேரில் ஒருவரை ஒரு தடவையாவது இது பிடிக்கிறது. அதிகம் மாட்டுவது 40 முதல் 60 வயது!

ஏன் காலையில் மட்டும் இந்தக் கொடுமை? தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சரியும், ஜவ்வு சுருங்கும். முதல் அடியில் வெடுக்கென்று இழுபடும். அவ்வளவுதான் ரகசியம்!

இப்போதே செய்து பாருங்கள். பாதத்தைத் தரையில் ஊன்றி, கட்டைவிரலைக் கையால் மேலே தூக்குங்கள். உள்ளங்கால் வளைவு தானாக எழும்பும்! கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை மாதிரி ஜவ்வு வேலை செய்கிறது. ஹிக்ஸ் என்பவர் இதை 1954-ல் எழுதி வைத்தார்!

'எக்ஸ்ரேயில் முள் தெரியுது, அதான் குத்துது' என்கிறார்களா? நம்பிவிடாதீர்கள்! குதிமுள் உள்ள 20 பேரில் வலிப்பது ஒரே ஒருவருக்குத்தான். முள்மேல் வீண்பழி!

ஆனால் முள்மேல் சந்தேகம் ரொம்பப் பழசு. ஆயுர்வேதத்தில் குதிகால் வலிக்குப் பெயர் வாதகண்டகம். கண்டகம் என்றால் முள்! சுஸ்ருத சம்ஹிதையிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. எக்ஸ்ரே வந்ததோ 1895-ல்தான்!

'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. 2003-ல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சையில் எடுத்த 50 ஜவ்வுத் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அழற்சி ஒன்றில்கூட இல்லை! நார்கள் நைந்துபோயிருந்தன. ஆக, நோயின் பெயரே தப்பு!

அதே 2003-ல் இன்னொரு ஆய்வு. வேலை நேரத்தில் பெரும்பகுதி நின்றபடியே கழிப்பவர்களுக்கு இந்த வலி வரும் ஆபத்து 3.6 மடங்கு. உடல் எடைக் குறியீடு 30-ஐத் தாண்டியவர்களுக்கு 5.6 மடங்கு. கணுக்கால் மேல்நோக்கி மடங்கவே மாட்டேன் என்பவர்களுக்கு? 23 மடங்கு! கெண்டைக்கால் தசையைத் தளர்த்துங்கள் மக்களே!

அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸுக்கு 10 வருஷத்துக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம்! ஆனால் 2013 ஜூலையோடு அவருடைய சீசனை முடித்துவைத்தது, பாதத்தில் கிழிந்த இந்தச் சின்ன ஜவ்வு!

குழந்தை குதிகால் வலி என்று அழுகிறதா? சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள்! 8 முதல் 14 வயதில், வளரும் எலும்பின் நுனியைக் குதிநாண் இழுப்பதால் வரும் வலி அது. செவர் என்ற டாக்டர் 1912-லேயே சொல்லிவிட்டார். வளர்ச்சி முடிந்ததும் வலியும் விடைபெறும்!

இனி வைத்தியம். ஒரு காலைத் தூக்கி மறு தொடைமேல் போடுங்கள். கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். மறு கையால் உள்ளங்காலைத் தடவினால் ஜவ்வு முறுக்கேறிய கயிறு மாதிரி தட்டுப்படும்! 10 விநாடி பிடித்து விடுங்கள். இப்படி 10 தடவை. தினமும் 3 வேளை. மொத்தச் செலவு 5 நிமிடம்!

டென்மார்க்காரர்கள் ஒரு துண்டை வைத்தே சாதித்தார்கள்! துண்டைச் சுருட்டிப் படிக்கட்டில் வைத்து, அதன்மேல் கால்விரல்களை ஊன்றி, 3 விநாடி எழும்பி, 2 விநாடி நின்று, 3 விநாடி இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றே மாதத்தில், வெறுமனே ஜவ்வை இழுத்துவிட்டவர்களை முந்திவிட்டார்கள்!

தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து உள்ளங்காலில் உருட்டுங்கள். ஐஸ் ஒத்தடம், மசாஜ் இரண்டும் ஒரே பாட்டிலில்!

நம் ஊர்ப் பாட்டிகள் சுடுசெங்கல்மேல் எருக்கிலையை வைத்துக் குதிகாலை ஒற்றுவார்கள். சூடு இதம்தான். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து! சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் செங்கல் பக்கமே போகாதீர்கள். சுட்டது தெரியாமலே வெந்துவிடும்!

ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி சட்டென்று குறையும். நிம்மதி கொஞ்ச காலத்துக்குத்தான்! திரும்பத் திரும்பப் போட்டால் ஜவ்வே கிழியலாம், கொழுப்பு மெத்தையும் கரையலாம்!

சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதிர்வலை நினைவிருக்கிறதா? 1980-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். 20 வருஷத்தில் அதே அலை குதிகாலுக்கு இறங்கிவிட்டது. 2000-ல் அமெரிக்க அரசே அனுமதி கொடுத்தது!

டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்கிறீர்களா? வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். வயது ஏற ஏற அந்த 18 மில்லிமீட்டர் மெத்தையின் துள்ளல் குறைகிறது!

குதிகால் வலியோடு மரத்துப்போதல், வீக்கம், காய்ச்சல், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருக்கிறதா? இளவயதில் காலையில் முதுகும் விறைக்கிறதா? தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். அது வேறு ஆளாக இருக்கலாம்!

கடைசியாக ஒரு தேன் சேதி. மாதக் கணக்கில் பொறுமை வேண்டும், ஆனால் பத்தில் ஒன்பது பேருக்குக் கத்தியே வைக்காமல் சரியாகிறது! நாளைக் காலை தரையில் கால் வைப்பதற்கு முன், கட்டிலில் உட்கார்ந்தபடியே விரல்களைப் பிடித்து இழுங்கள். 10 தடவை, 10 விநாடி. பால் பொங்கக் காத்திருக்கும் நேரம்கூட இல்லை, வெறும் 100 விநாடி!