விலை கூடிய ரகம் சேற்றைத் தாண்டுமா?

மழை பெய்தால் கெடா தோட்டங்களின் செம்மண் சாலை வழுக்கும். நோயாளியை ஏற்றிச் செல்லும் இரவில் அது சிறிய விஷயமல்ல. பீடோங், கூலிம் வட்டாரத்தில் வண்டி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது, இயந்திர விசை எத்தனை சக்கரங்களுக்குப் போகிறது என்பதையே.

1998இல் அறிமுகமான பெரோடுவா கெம்பாரா நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டி. 2019இல் வந்த அருஸ் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. ஆனால் எக்ஸ், ஏவி ஆகிய இரு ரகங்களிலும் பின்சக்கரங்களே உந்தும். உயரம் வேறு, உந்துவிசை வேறு.

அறிமுக விலையில் 5,000 வெள்ளி கூடுதலாகக் கொடுத்து ஏவியை எடுத்தவர்களுக்குத் தோல் இருக்கையும் மோதலைத் தவிர்க்க உதவும் பாதுகாப்பு வசதியும் கிடைத்தன. சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்குக்குத் தினமும் வேலைக்கு ஓடுபவருக்கு அது வீண் செலவல்ல. ஆனால் புதைந்த சக்கரத்தை அது மீட்காது. தோட்டத்துக்குள் குடியிருப்பவர் குறைந்த விலை ரகத்தை எடுத்து, மிச்சப் பணத்தில் சேற்றுக்கேற்ற டயர் போட்டுக்கொள்ளலாம்.