படுக்கையறையில் ஒரு லேப்

"லேப்ல எக்யூப்மென்ட் சரியில்ல சார், அதான் ரீடிங் வரல." இந்த வசனத்தை ஒரு தடவையாவது சொல்லாதவங்க நம்மில் யாராவது உண்டா? அப்படின்னா ரீட்டா லெவி-மொண்டால்சினியோட லேப் எப்படி இருந்ததுன்னு கொஞ்சம் கேளுங்க.

ரீட்டா 1909-ல் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு நரம்பு மண்டல ஆராய்ச்சியில் இறங்கினார். 1938-ல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றின. ரீட்டாவும் யூதர். வேலை போச்சு. என்ன செய்தார் தெரியுமா? தன் படுக்கையறையையே லேப் ஆக்கினார். தையல் ஊசியைத் தீட்டி அறுவைக் கருவியாக்கினார். குண்டுவீச்சு காரணமாகக் குடும்பம் கிராமத்துக்குப் போனபோது லேபும் கூடவே போனது. சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் முட்டை கேட்டு வாங்கினார். சோதனைக்குப் பின் மிஞ்சியது சமையலுக்கு!

சரி, முட்டைக்குள்ள அப்படி என்ன தேடினார்?

கோழிக்கருவில் இறக்கை முளைக்கும் மொட்டை வெட்டிவிட்டால், அந்த இறக்கைக்குப் போகவேண்டிய நரம்பு செல்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். இதை விக்டர் ஹாம்பர்கர் என்ற விஞ்ஞானி ஏற்கெனவே காட்டியிருந்தார். அந்த செல்கள் சரியாக உருவாகாமலே போய்விடுகின்றன என்பது அவர் கருத்து. ரீட்டா வெவ்வேறு நாள் வளர்ச்சியில் கருக்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். செல்கள் உருவாகியிருந்தன. இறக்கை இருக்கவேண்டிய திசையில் நீளவும் செய்தன. அதற்குப் பிறகுதான் செத்துப்போயின.

மைக்ரோகன்ட்ரோலர்ல வாட்ச்டாக் டைமர் படிச்சிருப்பீங்க. குறித்த நேரத்துக்குள் சிக்னல் வரலைன்னா, அது சிஸ்டத்தை ரீசெட் பண்ணிடும். வளரும் நரம்பு செல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான். அது போய்ச் சேரும் இடத்திலிருந்து 'நீ இரு' என்று ஒரு சிக்னல் வந்துகொண்டே இருக்கவேண்டும். வரலைன்னா செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஒரே வித்தியாசம், இங்க ரீஸ்டார்ட் கிடையாது.

போர் முடிந்ததும் ஹாம்பர்கரே ரீட்டாவை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார். அங்கிருந்து 1952-ல் ரியோ டி ஜெனிரோவுக்குப் போனார். கூடவே விமானத்தில் கட்டி வந்த எலிகள்! அந்தக் கட்டியின் துணுக்கை நரம்பு செல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே நாளில் செல்களைச் சுற்றி நரம்பு இழைகள் சூரியக் கதிர்போல முளைத்து நின்றன. கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிகிறது! அது ஒரு புரதம் என்று கண்டுபிடித்துப் பிரித்தெடுத்தவர் ஸ்டான்லி கோஹன். பெயர் நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப். 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இப்ப நம்ம வீட்டு விஷயத்துக்கு வருவோம். ஆல்சைமர் நோயில், பெத்த பிள்ளையையே "நீ யாருப்பா?"ன்னு கேட்கிற நிலை வருது. அந்த நோயில் அழியும் செல்களில் ஒரு முக்கியமான கூட்டம் மூளையின் முன்பகுதியில், அடிப்பக்கத்தில் இருக்கிறது. நினைவாற்றலுக்கு உதவும் இந்த செல்கள் என்.ஜி.எஃப்-ஐ நம்பி வாழ்பவை.

அப்போ அந்தப் புரதத்தை ஊசியில போட்டுட வேண்டியதுதானேன்னு தோணுதா? ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கு. இவ்வளவு பெரிய புரதத்தை அது உள்ளே விடாது. போதாக்குறைக்கு, உடம்பின் மற்ற இடங்களில் என்.ஜி.எஃப் வலியைக் கிளப்பிவிடும். அதனால் என்.ஜி.எஃப் ஜீனை வைரஸில் ஏற்றி, நேராக மூளைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 49 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2018-ல் வந்தது. பலன் இல்லை. இறந்த சிலரின் மூளையைப் பிறகு பரிசோதித்தபோது, சேரவேண்டிய செல்களுக்கு என்.ஜி.எஃப் போய்ச் சேரவே இல்லை என்று தெரிந்தது.

கவனிச்சீங்களா? மருந்து தோற்றதா இல்லையான்னு அந்தச் சோதனையால சொல்லவே முடியல. டெலிவரிதான் தோத்துப்போச்சு. டெலிவரி சுலபமான இடத்தில் இதே புரதம் ஜெயித்திருக்கிறது. விழிப்படலத்தின் நரம்பு பாதிக்கப்பட்டு ஆறாத புண் வருபவர்களுக்கு, என்.ஜி.எஃப் இன்று கண் சொட்டு மருந்து. 2018-ல் அமெரிக்காவும் அதற்கு அனுமதி கொடுத்தது.

ரீட்டா 103 வயது வரை வாழ்ந்து 2012-ல் மறைந்தார். அவர் கண்டெடுத்த புரதத்தை, மூளைக்குள் சரியான இடத்துக்கு, சரியான அளவில் கொண்டு சேர்ப்பது இன்னும் முடியாத வேலை. ஊசி, பம்ப், இமேஜிங், கன்ட்ரோல்... இதெல்லாம் யார் படிக்கிற பாடம்? நம்ம பாடம்தானே!