மூன்று கடிதங்கள், ஒரே கை

1842 கோடைக்காலம். நியூயார்க் பத்திரிகைகளுக்கு வெளியூர்களிலிருந்து கடிதங்கள் வந்தன: ஒன்று மான்ட்கோமரி, அடுத்தது சார்ல்ஸ்டன், மூன்றாவது வாஷிங்டன். ஊர் நிலவரம், பயிர்ச் செய்தி, அரசியல் பேச்சு ஆகியவற்றுக்கு நடுவே மூன்றிலும் ஒரே தகவல். டாக்டர் கிரிஃபின் என்ற லண்டன்காரர் ஃபிஜித் தீவுக் கடற்கன்னியின் உடலோடு வந்திருக்கிறாராம். மூன்று ஊர், மூன்று சாட்சி என்று இன்றைய ஆய்வாளரும் குறித்துக்கொள்ளக்கூடும்.

எழுதியவர் ஒருவர்தான்: பி. டி. பார்னம். நியூயார்க்கில் இருந்தபடியே எழுதி, அந்தந்த ஊர் நண்பர்களைக் கொண்டு தபாலில் சேர்த்தார். டாக்டர் கிரிஃபினாக நடித்தவர் அவருடைய கூட்டாளி லீவை லைமன். விளம்பரப் படங்களில் கடற்கன்னிகள் அழகிகள். கூட்டம் பார்த்ததோ குரங்குடலோடு மீன்வாலை ஒட்டிய, மூன்றடி நீளக் கருத்த வற்றல்.

பிராட்வேயும் ஆன் தெருவும் கூடும் மூலையில் இருந்த ஸ்கடரின் பழைய அருங்காட்சியகத்தை வாங்கி, பார்னம் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் நடத்த ஆரம்பித்திருந்தார். நுழைவுக் கட்டணம் 25 சென்ட். பாடம் செய்த பறவைகள், மெழுகுச் சிலைகள், நாடக மேடை எல்லாம் ஒரே கூரையின் கீழ். 1861-இல் அடித்தளத் தொட்டியில் வெள்ளைத் திமிங்கிலங்களையும் விட்டார். 1865 ஜூலை 13 அன்று கட்டடம் தீயில் போயிற்று. அதன் வரலாற்றை இனி காகிதங்களில்தான் தேட வேண்டும். அந்தக் காகிதத்திலும் பெரும்பகுதி பார்னம் எழுதியது, அல்லது எழுத வைத்தது.

கடிதத் தந்திரம் நமக்குத் தெரிவதே 1855-இல் வெளிவந்த அவரது சுயசரிதையால்தான். அதில் பெருமையோடு சொன்ன ஏமாற்றுகளை 1869 பதிப்பில் அடக்கி வாசித்தார். ஆகவே அவர் ஒப்புக்கொள்வதையும் விளம்பரமாகவே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. கடற்கன்னியின் சொந்தக்காரரான பாஸ்டனின் மோசஸ் கிம்பலோடு செய்த ஒப்பந்தம் இதைவிட நம்பகமானது. கடற்கன்னிக்கு வாடகை, வாரம் 12.50 டாலர். வாசகரை மயக்க எழுதாத கணக்கு அது.

காட்சிக்கு வைக்கப்பட்ட மனிதர்கள் விஷயத்தில்தான் நெஞ்சு கனக்கிறது. அருங்காட்சியகத்துக்கு முன்பே, 1835-இல், ஜாய்ஸ் ஹெத் என்ற அடிமைப் பெண்ணை, 161 வயதானவர், ஜார்ஜ் வாஷிங்டனை வளர்த்த தாதி என்று பார்னம் ஊர் ஊராகக் காட்டினார். மறுஆண்டு அவர் இறந்ததும் உடற்கூறாய்வுக்கே 50 சென்ட் டிக்கெட் போட்டார். எண்பதுக்கு மேல் இராது என்றார் அறுத்துப் பார்த்த மருத்துவர். இத்தனை பத்திரிகை எழுதியும் ஹெத் தம் கையால் எழுதியதாக ஒரு வரியும் இல்லை. 'ஜெனரல் டாம் தம்ப்' என்று அறிமுகமானபோது சார்ல்ஸ் ஸ்ட்ராட்டனுக்கு நான்கு வயது. பதினொன்று என்று அச்சடித்தார்கள்.

தேடுகிறவர் சுயசரிதையை மூடிவைத்துவிட்டு நாளிதழின் சிறு விளம்பரங்களுக்குப் போக வேண்டும். கறுப்பின மக்கள் இன்ன நாள் காலையில் வரலாம் என்று 1849-இல் ஒரு அறிவிப்பு வந்தது. 'எல்லாருக்கும் திறந்த கூடம்' என்ற பேரின் உண்மை அளவு அந்தச் சில வரிகளில் இருக்கிறது.